அப்பா பின்னிய நாற்காலி

எங்கள் வீட்டில் எப்போதும் பத்துப் பதினைந்து நாற்காலிகள் இருக்கும். ஆனால் நாங்கள் உட்காருவதற்கென்று அவற்றில் ஒன்றும் கிடையாது. எல்லாம் அடுத்தவர் நாற்காலிகள். மலைக்கு மேலே எஸ்டேட் பங்களாக்களிலும் விடுதிகளிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இருக்கை கிழிந்தவை, ஜீப்பின் முதுகில் கட்டப்பட்டுக் கீழே கம்பம் ஊருக்கு இறங்கி வரும். எங்கள் வீட்டில் புதுப் பிரம்பு பின்னிக்கொண்டு மறுபடியும் மலையேறிப் போகும். இடையில் அவற்றில் உட்கார்ந்து பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை. விருந்தாளி வந்தால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவோம்.

ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. முன்னறைதான் பட்டறை. வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி, பிரம்பு ஊறப்போடுவதற்கு. நாங்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். அப்பா மலைக்குப் போய் வேலை பிடித்துக்கொண்டு வருவார், மதுரைக்குப் போய்ப் பிரம்பு வாங்கி வருவார், போனில் பேசுவார். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போய்விடுவாள். பின்னுவது அத்தை. ஒரு காலத்தில் அப்பாவும் பின்னியிருக்கிறார். அத்தைக்கு அந்த வேலையைக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். அவள் கை தன் கையை மிஞ்சிவிட்டது என்று தெரிந்ததும் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார் என்று அம்மா கேலியாகச் சொல்வாள்.

பிரம்பின் மேல்தோலைச் சீவியெடுத்த நீளப் பட்டைகள்தான் இருக்கைக்கு ஆகும். அவை கட்டுக் கட்டாக வரும். கட்டு வந்து இறங்கிய அன்று அத்தையிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாக உருவி எடுப்பாள். முதலில் நிறம் பார்ப்பாள். தோல் ஒரே மஞ்சளாக, எண்ணெய் தடவின மாதிரி மினுங்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் நுனி வரைக்கும் தடவிக்கொண்டு போவாள். கணு இருக்கிற இடம் நகத்தில் இடறினால் அது ஆகாது. பக்கத்துப் பட்டையை அறுத்துவிடும். கடைசியாக விரலைச் சுற்றி வளைப்பாள். நல்ல பட்டை வளைந்துகொடுத்து, விட்டதும் மெதுவாகத் திரும்பி வரும். காய்ந்து கிழடானது என்றால் வளையும்போதே முதுகில் வெள்ளையாக ஒரு கீறல் விழும். பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி போட்டதும் உண்டு. அதையெல்லாம் தொட்டிக்குப் பின்னால் எறிந்துவிடுவாள். அந்தக் குவியல் கோழிக்கூடு கட்டுவதற்குத்தான் லாயக்கு.

குவியலைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்கு வயிறு எரியும்.

"கொஞ்சம் கூட நேரம் ஊறப் போட்டா இளகாதா?" என்று கேட்பார்.

"தண்ணியக் குடிக்கும், இளகாதுண்ணே. மனுசன் உக்காருற எடம்" என்பாள் அத்தை.

பட்டை பொறுக்குகிற விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் பின்னிய இருக்கை ஈரம் காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். விரலால் சுண்டினால் தப்பட்டை மாதிரிச் சத்தம் வரும். விடுதிக்காரர்கள் போனில் அப்பாவிடம் 'உங்கள் கை வேலை அருமை' என்பார்கள். அப்பா அதைத் திருத்தியதில்லை.

அத்தைக்கு அப்போது முப்பது வயது ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட, அண்ணன்தான் வளர்த்து ஆளாக்கினார் என்று மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அப்பாவும் சொல்வார். மாப்பிள்ளைகள் வராமல் இல்லை. ஒருவருக்கு வயது கூடுதல், ஒருவருடைய ஊர் தூரம், இன்னொருவர் கையெழுத்தே சரியில்லை என்று அப்பா ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். தங்கைக்குத் தங்கமான இடம் தேடுகிற அண்ணன் என்று அதிலும் அவருக்கு நல்ல பெயர்தான்.

அந்த வருஷம் திராட்சைப் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஜீப்காரர் வந்து கேட்டார். எங்களுக்கு நாற்காலிகளை மலையிலிருந்து இறக்கிக் கொடுக்கிறவர் அவர்தான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை எங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்தி, நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கயிறு அவிழ்த்து இறக்கி வைப்பார். அதிகம் பேச மாட்டார். எங்கள் கோயிலுக்கே வருகிறவர். குடிப்பழக்கம் இல்லை. ஊர் காமயகவுண்டன்பட்டி, டவுன் பஸ்ஸில் போய்விடுகிற தூரம். அன்றைக்கு நாற்காலிகளை இறக்கி வைத்தபின் போகாமல் நின்றார்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழம எங்கப்பாவக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார்.

எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. ஜீப்காரரையும், திறந்திருந்த கதவையும், உள்ளே தொட்டியில் கையை விட்டபடி அசையாமல் நின்ற அத்தையையும் பார்த்தார். சொல்வதற்குக் குறை ஒன்றும் கிடைக்காமல் அவர் தவிப்பதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில், "வாங்க" என்றார்.

அன்று சாயங்காலமே ஓர் அதிசயம் நடந்தது. பரணில் கிடந்த பழைய தேக்கு நாற்காலிச் சட்டம் ஒன்றை அப்பா இறக்கித் துடைத்தார். யாரோ ஒரு துரை பங்களாவில் வேண்டாம் என்று விட்டது.

"பிரம்புக்காரன் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வாராக. பிளாஸ்டிக் சேர்லயா உக்கார வைக்கிறது? நானே பின்னுறேன்" என்றார்.

அம்மா நம்பாமல் பார்த்தாள். "பின்னி எம்புட்டு நாளாச்சு உங்களுக்கு."

"கை மறந்துருமா?"

அந்த வாரம் முழுக்க அத்தை அடுப்படியில் இருக்கிற நேரமாகப் பார்த்து அப்பா பின்னினார். அவள் எட்டிப் பார்த்தால் போர்வையைப் போட்டு மூடிவிடுவார். அன்றைக்குப் பாரு, என்பார். அத்தை சிரித்தபடி உள்ளே போய்விடுவாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் அம்மாவிடம், "எத்தனையோ வருசம் கழிச்சு எனக்காக ஊசியத் தொட்டுருக்காக மதினி" என்றாள்.

பின்னி முடித்து அப்பா அதற்கு வார்னிஷ் அடித்தார். எங்கள் வீட்டில் பிரம்புக்கு வார்னிஷ் அடிக்கிற வழக்கமே இல்லை. நல்ல பட்டையின் தோலே பளபளக்கும், அதன் மேல் எதையும் பூச வேண்டாம் என்பாள் அத்தை. வாசனை வந்து அவள் கேட்டதற்கு, விசேஷத்துக்குத்தானே, மின்னட்டும் என்றார் அப்பா. எனக்கு அந்த நாற்காலிதான் பிடித்திருந்தது. தேன் ஊற்றின மாதிரி இருந்தது. அத்தை பின்னியவை எதுவும் அப்படி மின்னியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை குளிக்கப் போயிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏறி உக்காரு பாப்போம்" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். பிரம்பு நாற்காலியில் உட்கார எனக்குக் கிடைத்த முதல் அனுமதி அது. அடியில் எங்கோ 'கிர்' என்றது. நான் காலை ஆட்டினேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, கை மறந்துருச்சுன்னயே. பிள்ள உக்காந்துருக்கா." அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். அப்பா என்னை இறக்கிவிட்டு, நாற்காலியின் முதுகையும் சேர்த்து மூடி வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துப் போட்டார்.

பூசை முடிந்து ஜீப்காரரும் அவருடைய அப்பாவும் வந்தார்கள். வேறு யாரும் இல்லை. பெரியவர் திராட்சைத் தோட்டக்காரர். நல்ல உயரம், நல்ல கனம். பந்தலுக்கு அடியிலேயே குனிந்து நடந்து பழகியவர் என்பதால் எங்கள் வாசல் நிலைக்கும் குனிந்துதான் வந்தார். கையில் ஒரு பை நிறையத் திராட்சை. அதை என்னிடம் கொடுத்து, "கழுவித் தின்னு ஆத்தா, மருந்தடிச்சது" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்தத் தேக்கு நாற்காலியில் உட்கார வைத்தார். ஜீப்காரருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அவர் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. பெரியவருக்கு வேலை பிடித்திருந்தது. சுற்றிலும் இருந்த நாற்காலிகளைக் காட்டி இது எந்தப் பங்களா, அது எந்தப் பங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அணைத் தண்ணீர் இந்த வருஷம் தாமதமாகத்தான் திறந்துவிட்டார்கள், கொடிக்கு அது நல்லதா கெட்டதா என்று சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் பார்வை பெரியவரின் முகத்தில் இல்லாமல் நாற்காலியின் கால்களிலேயே இருந்தது.

அத்தை காப்பித் தட்டோடு வந்தாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். பெரியவர் அவளைப் பார்த்ததும் மரியாதைக்காகப் பாதி எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு, "வா ஆத்தா" என்று சொல்லியபடி மறுபடியும் உட்கார்ந்தார்.

காய்ந்த தென்னமட்டை முறிகிற சத்தம் கேட்டது. ஒரு சத்தம் இல்லை. ஒன்றன் பின் ஒன்றாகப் படபடவென்று கேட்டுக்கொண்டே போனது. பெரியவர் அந்தச் சட்டத்துக்குள் மடிந்து இறங்கினார். முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. காப்பி மேலே பறந்தது. பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் கைகள் காற்றில் துழாவின. அப்படியே நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த பங்களா நாற்காலி ஒன்றின் காலில் அவருடைய பின்மண்டை மோதியது.

யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்காமல் இருக்கிறது. வெள்ளைத் துண்டில் சிவப்பாக ஒரு வட்டம் விரிந்துகொண்டே போனது. அவர் கண் மூடியிருந்தது. செத்துப்போனார் என்று நினைத்தேன். ஒரு மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்குத் திராட்சை கொடுத்து, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து செத்துப்போனார். என் வாய்க்குள் ஒரு திராட்சை இருந்தது. அதை விழுங்கவும் தெரியவில்லை, துப்பவும் தெரியவில்லை.

ஜீப்காரர்தான் முதலில் அசைந்தார். தன் அப்பாவின் தோளைப் பிடித்துத் தூக்கினார். நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. பெரியவரின் இடுப்பு சட்டத்துக்குள் சிக்கியிருந்தது. முறிந்த பட்டை முனைகள் வேட்டியைக் குத்திக்கொண்டு நின்றன. அத்தை தட்டைக் கீழே போட்டுவிட்டுப் பிரம்புக் கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். அவள் அவரைக் குத்தப் போகிறாள் என்றே அந்த நொடியில் நினைத்தேன். அவளோ மண்டியிட்டு, மிச்சமிருந்த பட்டைகளைச் சட்டத்தை ஒட்டி அறுத்தாள். ஒன்றிரண்டு அறுத்ததுமே கை நின்றது. நல்ல பட்டை என்றால் கத்தி அழுத்தித்தான் போகும். இது வைக்கோல் மாதிரி அறுந்தது. அவள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்து அறுத்து முடித்தாள்.

பெரியவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏற்றும்போது அவர் முனகினார். சாகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தையும் ஏறப் போனாள். "நீ போகாத, சரியா இருக்காது" என்று அப்பா கையை நீட்டித் தடுத்தார். ஜீப் போய்விட்டது. சந்துக்காரர்கள் சிலர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிரம்புக்காரர் வீட்டு நாற்காலியே இப்படியா என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

அத்தை உள்ளே வந்து தரையில் கிடந்த பட்டைத் துண்டுகளை ஒன்றொன்றாகப் பொறுக்கினாள். அவள் அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் நின்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"காலைல நான் உக்காந்தேனே அத்தை. அப்ப ஒண்ணுமே ஆகலையே" என்றேன்.

"காலைலயா? ஒன்னய யாரு உக்காரச் சொன்னா?"

"அப்பா."

அவள் ஒரு துண்டை எடுத்து நகத்தால் வார்னிஷைச் சுரண்டினாள். கீழே கரும்புள்ளிகள் இருந்தன. விரலைச் சுற்றி வளைத்தாள். தீக்குச்சி மாதிரி ஒடிந்தது. எழுந்து வாசலுக்குப் போய்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். குவியலில் பாதிக்கு மேல் காணவில்லை.

"அண்ணே, இது நான் ஒதுக்குன பட்டைதான?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பட்டை பத்தல. அதுல இருந்து கொஞ்சம் எடுத்தேன்" என்றார்.

உத்தரத்தில் பிரிக்காத புதுக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா மட்டும் பார்க்கவில்லை.

"ஏண்ணே?" என்றாள் அத்தை.

அப்பா தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பேசினார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"விழுந்து அடிபடுவாகன்னு சத்தியமா நினைக்கல. உக்காந்ததும் கொஞ்சம் அமுங்கும். சகுனம் சரியில்லன்னு எந்திரிச்சுப் போயிருவாக. அம்புட்டுத்தான் நினைச்சேன். நீ இந்த வீட்ட விட்டுப் போனா நான் என்ன செய்வேன் ஆத்தா?"

அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அம்மா முன்னால் வந்தாள். "தெரிஞ்சேவா பிள்ளையத் தூக்கி உக்கார வச்சீக? அவ விழுந்துருந்தா?"

"அவ எடைய அது தாங்கும். எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

பத்து வயதில் எனக்கு அந்தப் பதில் பெருமையாக இருந்தது. அப்பா எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று தோன்றியது. இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பெரியவர் விழுந்த காட்சியைவிட அந்த வாக்கியம்தான் இப்போது என்னை உலுக்குகிறது.

அத்தை முகம் கழுவினாள். காப்பி கொட்டிய பச்சைப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்து, "வா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். அப்பா வாசல் வரை வந்தார். "அங்கன போயி ஒண்ணும் சொல்லிராத. பட்டறப் பேரு போயிரும்" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு மணிக்கட்டிலும் கட்டு. ஜீப்காரர் பக்கத்தில் நின்று அவருக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் பின்னிக் குடுக்குறீக. வீட்டுக்கு வந்தவன உக்கார வைக்க உருப்படியா ஒரு நாற்காலி இல்லையாக்கும்" என்றார்.

"அது நான் பின்னுனது இல்ல" என்றாள் அத்தை.

"தெரியும்" என்றார் ஜீப்காரர். அவர் அவளிடம் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒங்க கை பின்னுனத நான் எம்புட்டு ஏத்தி இறக்கியிருக்கேன். முறிஞ்ச சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு."

அத்தை கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். சுவரோரமாக நின்றிருந்த ஆஸ்பத்திரி ஆயாவும் கேட்கிற மாதிரித்தான் பேசினாள்.

"எங்கண்ணே பின்னுனது. ஆகாத பட்டைன்னு தெரிஞ்சே பின்னுனாக. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிரணும், நான் அங்கனயே இருந்துரணும்னு."

அத்தை சொல்ல மாட்டாள், தெரியாமல் கலந்துவிட்டது என்று ஏதாவது சொல்லி மறைப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதே கிடையாது. அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை விலக்கவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை.

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி மேல அம்புட்டுப் பாசமா ஒங்கண்ணனுக்கு?"

"பாசமா என்னன்னு எனக்குத் தெரியல மாமா. நான் இல்லாட்டி அந்தப் பட்டறை ஓடாது. அது தெரியும். நாளைக்கே நீங்க வேணாம்னாலும் நான் குத்தம் சொல்லல. ஆனா பொய்யச் சொல்லி ஒங்க வீட்டுக்கு வர எனக்கு இஷ்டமில்ல."

இளநீர்க் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்காரர் தரையைப் பார்த்து நின்றார். பெரியவர் எதையோ மென்று விழுங்குகிற மாதிரி வாயை அசைத்தார்.

"மாமான்னுட்ட" என்றார்.

அத்தைக்கும் அப்போதுதான் அது உறைத்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"சரி, வா. ஆனா கல்யாணம் முடியுற வரைக்கும் ஒங்க வீட்டுல நான் நின்னுக்கிட்டேதான் இருப்பேன். சொல்லிட்டேன்" என்றார் பெரியவர். சிரிக்கப் போய்த் தலை வலித்து, கட்டுப் போடாத கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஜீப்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஜன்னல் வழியாக எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

கல்யாணம் கிறிஸ்துமஸ் கழிந்து நடந்தது. இடைப்பட்ட நாட்களில் அத்தை வழக்கம்போலவே இருந்தாள். அப்பாவுக்குச் சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். பட்டறையில் இருந்த நாற்காலிகளையெல்லாம் பின்னி முடித்து, ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்து அனுப்பி வைத்தாள். அப்பாவால்தான் வழக்கம்போல் இருக்க முடியவில்லை. அவள் பரிமாற வந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஒருநாள் அவரும் குத்தூசியை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து பின்னினார். அவள் ஊறின பட்டைகளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே நாற்காலியின் இரண்டு பக்கமும் பின்னி முடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் பிரம்பு வேலையையே விட்டுவிட்டார். அவள் போனபின் மலை நாற்காலிகள் அவள் இருக்கிற இடத்துக்குப் போக ஆரம்பித்தன. காமயகவுண்டன்பட்டியில் அவளிடம் இன்று ஐந்தாறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அப்பா கம்பத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்குப் பார்க்கப் போனார். பண்டிகைக்குப் பண்டிகை தங்கை வீட்டுக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு போவார். அவளும் அன்பாகத்தான் நடத்துவாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அத்தை அலங்காரம் முடிந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வெளியே ஜீப்புக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் புடவை கசங்குமே என்று பார்க்காமல் அவள் என் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, ரிப்பனை வாயில் கவ்வியபடி, எனக்குப் பின்னல் போட ஆரம்பித்தாள்.

பல நாட்களாக மனதில் இருந்ததைச் சொன்னேன். "அப்பாவுக்கு ஒன் மேல பாசம் அத்தை. அதான் அப்படிச் செஞ்சாரு. நீ ஆஸ்பத்திரில போய் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் முடியை மூன்று கால்களாகப் பிரித்தாள்.

"எனக்கும் நீ போகக் கூடாது" என்றேன்.

"ஏன் ஆத்தா?" என்றாள், ரிப்பனை வாயிலிருந்து எடுத்துவிட்டு. அவள் குரலில் உண்மையிலேயே ஓர் ஆவல் இருந்தது. திரும்பிப் பார்க்க முயன்றேன். தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.

என் பாசம் அப்பாவின் பாசத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்று காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வேகம். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன். நீ போனால் எனக்குத் தலை பின்ன யார் இருக்கிறார்கள். அம்மா போடும் பின்னல் மத்தியானமே அவிழ்ந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முட்டையை உன்னை மாதிரி யார் பொரித்துக் கொடுப்பார்கள். வாய்ப்பாடு யார் கேட்பார்கள். யூனிபாரத்தை யார் துவைத்து மடித்து வைப்பார்கள். காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல இன்னும் இன்னும் நினைவுக்கு வந்தன.

என் தலைமுடிக்குள் அவள் விரல்கள் அசையாமல் நின்றன. நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு பின்னலை நுனி வரை இறுக்கிப் போட்டு, ரிப்பனை மடித்துக் கட்டி, உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அத்தைக்கு என் பாசம் முழுதாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவிழாமல் இருக்கிறதா என்று பின்னலைத் தொட்டுப் பார்த்தபடி நானும் கோயிலுக்குக் கிளம்பினேன்.